சும்மா மாத்திரை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஊதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து, தோளில் தொங்கும் பையிலிருந்து மூச்சை அளக்கிற ஒரு சின்ன மெஷினை எடுத்து, குழாயைத் துடைத்துக் கையில் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று பிரசவம் பார்க்கிறவள் மாதிரிக் கத்துகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? முதலில் பிள்ளைகள் கேலிக்குச் சொன்னது. பிறகு பெரியவர்கள் வாயிலும் அதுவே வந்தது. கடைசியில் மருத்துவமனையில் அவளோடு வேலை பார்த்தவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவளை அக்கா என்று கூப்பிட வேறு யாரும் இருக்கவில்லை.

தெரு முழுக்கக் கல் பட்டறைகள். சமையல் மேடைக்கும் கடை கவுண்டருக்கும் வேண்டிய பலகைக் கல்லை அளவுக்கு அறுத்து, ஓரம் தேய்த்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நடுவில் ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு அடங்கும். ஆனால் வேலை மெதுவாகும், சகதியை அள்ளிக் கொட்ட ஆள் வேண்டும். அதனால் பெரும்பாலும் காய்ந்த அறுப்புதான். மாலையில் பட்டறை விட்டு வருகிற ஆண்களுக்குப் புருவம், இமை, காது மடல் எல்லாம் வெளுத்திருக்கும். குளித்தால் அது போய்விடும், உள்ளே போனது போகாது. மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுகிற இளவட்டங்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். இதற்கு மருந்தே கிடையாது என்று அதுவரை வந்த டாக்டர்கள் எல்லாம் கையை விரித்திருந்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் ஊதக்கா வேலை பார்த்த மருத்துவமனையின் டாக்டரம்மா புது மாத்திரை ஒன்றைக் கொண்டுவந்தார். நெஞ்சு இறுகிப்போவதை அது தடுத்து வைக்கும் என்று நம்புகிறோம், உறுதியாகத் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சி என்றார். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொண்டுவந்து கொடுக்கிற ஊதக்காவுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கே தெரியாது. எங்கோ தூரத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு அவரவருக்கு வந்தது எது என்று வீடு தேடி வந்து சொல்வோம் என்று வாக்கும் கொடுத்தார்.

இதை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து விளக்கியவள் ஊதக்காதான். ஒளிவு மறைவில்லாமல், ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் ஒருவர்கூடத் தனக்கு மருந்தில்லாதது வரும் என்று மனசார நம்பவில்லை. அது எப்போதும் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் வரும் என்று இருந்துவிட்டார்கள். அந்த மாத்திரைக்குத் தெருவே பெயரும் வைத்தது: சும்மா மாத்திரை. யாராவது இரண்டு நாள் கூடுதலாக இருமினால், "உனக்குச் சும்மாதாண்டா வந்திருக்கு" என்று டீக்கடையில் ஓட்டுவார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்குப் போனதும் மாத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

ஊதக்கா தன் சுற்றைக் கடைசியாக முடிப்பது ஒரே வீட்டில்தான். அது தெருவின் கடைசி வீடு ஒன்றுமில்லை, நடுவில் இருந்தது. ஆனால் அதைத் தாண்டிப் போய், மற்ற வீடுகளை எல்லாம் முடித்துக்கொண்டு, அதற்காகவே திரும்பி வருவாள். கடைசி வீடு என்றால் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்திருக்க வேண்டாம் அல்லவா, அதற்காகத்தான்.

அங்கே மூன்று பேர். பெரியவர் என்கிற அண்ணன், சின்னவன் என்கிற தம்பி, பெரியவரின் மனைவி. அவளைத் தெருவே அண்ணி என்று கூப்பிட்டது. சின்னவன் விவரம் தெரிந்த நாளிலிருந்து "அண்ணி, அண்ணி" என்று அவள் பின்னாலேயே திரிந்து, கேட்டவர்கள் வாயில் எல்லாம் அது ஒட்டிக்கொண்டது. அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்குப் பால் பல் விழவில்லை, தாயும் இல்லை. அவளுக்கென்று குழந்தை பிறக்கவில்லை. "கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னைக்கே கையில ஒரு புள்ளையக் குடுத்துட்டாங்க, பெக்குற வேலை மிச்சம்" என்று அதையும் ஒரு வேடிக்கையாகச் சொல்வாள். அண்ணன் தம்பி இருவருக்கும் நெஞ்சில் தூசு இறங்கியிருந்தது. இருவரும் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு டப்பா, மேலே ஆளுக்கொரு எண்.

அண்ணி வேலையை நிறுத்தாமலே பேசுவாள். பட்டறைச் சட்டைகளைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் உதறி, தனி வாளியில் முக்கி வைப்பாள். அந்த வாளித் தண்ணீர் நீர்த்த மாவு மாதிரி இருக்கும். கை துடைத்துக்கொண்டு வந்து டீ போடுவாள். அவித்த கிழங்கை உரித்து, உப்பும் மிளகும் தூவித் தட்டில் வைத்து நகர்த்துவாள். ஊதக்காவுக்கென்று ஒரு மரப்பெட்டி கவிழ்த்துப் போட்டிருக்கும். அதில் உட்கார்ந்து, விலைவாசியிலிருந்து எதிர் வீட்டுச் சண்டை வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்பதுதான் அதிகம், பேசுவது கொஞ்சம். அவளிடம் சொல்வதற்கு என்ன இருந்தது? ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. புருஷன் என்று ஒருவன் இருந்தான், எப்போதோ வேறொரு குடும்பமாகிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் பால் போடுகிறவரிடம் "ஒண்ணு போதும்" என்பதுதான் அன்றைக்கு அவள் பேசுகிற மொத்தப் பேச்சு. கீழே தையல் மெஷினும் ஓடாது. திங்கட்கிழமை எப்போது விடியும் என்று இருக்கும்.

முதல் வருஷம் ஊதுகிற மெஷினில் பெரியவரின் மூச்சு எண் மெல்ல மெல்ல ஏறியது. மெஷினில் எண் வந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. "பாத்தியா, குதிரை மூச்சு" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். சின்னவனின் எண் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம், ஆனால் ஒவ்வொரு தடவையும். அதைப் பார்த்த பிறகு பெரியவர் பீற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டார். அதோடு விட்டாரா? தம்பி பக்கத்தில் நின்றால் பாதி ஊதும்போதே மூச்சை விட்டுவிடுவார். ஊதக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நீங்க கம்மியா ஊதினா அவன் மூச்சு கூடிடுமா என்று சத்தம் போட்டு, அன்றிலிருந்து தம்பியை வெளியே அனுப்பிவிட்டு அண்ணனை ஊத வைத்தாள்.

இதில் இன்னொன்றும் இருந்தது, அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த சமயத்தில்தான் பட்டறை முதலாளி பெரியவரை அறுப்பிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் உட்கார வைத்திருந்தார், வருகிற போகிற வண்டியைப் பார்த்துக்கொள்ள. வயசுக்குக் கொடுத்த மரியாதை. சின்னவன் அறுக்கும் மெஷினிலேயே நின்றான்.

மழைக்காலம் முடிந்த சமயம் பெரியவரின் எண்ணும் இறங்க ஆரம்பித்தது. அடுத்த தடவை இன்னும் இறங்கியது. ஊதக்கா மெஷினைச் சந்தேகப்பட்டாள், வேறு மெஷின் கொண்டுவந்தாள், அதுவும் அதையே காட்டியது. பெரியவர் கேட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, மாத்திரை விட்டுப்போகாமல் சாப்பிடுகிறாரா என்று பார்க்க டப்பாக்களைக் கேட்டாள். அண்ணி உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது என்ன? டப்பா ரெண்டும் எங்க அண்ணி?"

"ரெண்டையும் இதுலதான் கொட்டி வச்சிருக்கேன்க்கா. எடுத்துக் குடுக்க வசதியா இருக்கு."

ஊதக்கா ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள். "ரெண்டு பேரோடதையுமா? எப்பயிருந்து?"

"மழைக்கு முன்னாடியே." அண்ணி கிழங்கை உரித்தபடியே சொன்னாள். "இவருக்கு மருந்து வந்திருக்கு, அவனுக்குச் சும்மா வந்திருக்கு. அதான் கண்ணால பாக்குறோமே. ஒரே அடுப்புல ஆக்கி ஒருத்தனுக்குச் சோறு போட்டு, ஒருத்தனுக்கு வெறும் தட்டை வைக்க எனக்குக் கை வரலக்கா. கலந்துட்டேன். இப்ப யாருக்கு எது போகுதோ, ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. முழுசா குணமாகலன்னாலும் ரெண்டு பேரும் ஒண்ணுபோல இருப்பாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இவருக்குத் தெரியும். சரின்னுட்டாரு. சின்னவன்கிட்ட சொல்லல, சொன்னா திங்க மாட்டான். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். திட்டுவீங்களோன்னு இருந்துச்சு. ஆனா உங்ககிட்ட மறைக்க என்னக்கா இருக்கு?" தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "எதிர் வீட்டுலயும் அப்பனும் மகனும் ரெண்டு டப்பா வச்சிருக்காங்கல்ல? அவங்களுக்கும் சொன்னேன். யோசிச்சிக்கிட்டு இருக்காங்க."

ஊதக்கா தட்டைத் தொடவில்லை. அந்த மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கல்லீரல் கெட்டுப்போகலாம் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அதையும் அவள் வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். ஒரு நாள் மருந்து, மறுநாள் சும்மா என்று சாப்பிட்டால் அது விட்டு விட்டுச் சாப்பிடுவதுதானே? எதிர் வீடும் கலந்து, அதற்கடுத்த வீடும் கலந்தால், மருந்து கேட்கிறதா இல்லையா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. நல்ல மருந்தையும் பிரயோஜனமில்லை என்று தூக்கிப்போட்டு விடுவார்கள். இதையெல்லாம் அவள் அண்ணியிடம் சொன்னாள். அண்ணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த வெறும் தட்டு எங்க வீட்டுப் புள்ள முன்னாடிதான் இருக்கணுமாக்கா?" என்று கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க ஊதக்கா சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னால் அந்த வீட்டின் இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஆராய்ச்சியின் விதி அப்படி. மாத்திரை நின்றுபோகும். நிஜ மாத்திரை வந்துகொண்டிருந்தவருக்கும் நின்றுபோகும். சொல்லாவிட்டால் ஈரல் போனாலும் போகும், பொய்யான எண் டாக்டரம்மாவின் கணக்கில் ஏறும். யாரிடம் யோசனை கேட்பது? இப்படி ஒரு குழப்பம் வந்தால் அவள் போய் உட்கார்கிற இடமே அந்த மரப்பெட்டிதான். கடைசியில் ஒரு காலையில் டாக்டரம்மாவின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டு, இரண்டு பேரையும் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார். யாருக்கு எது என்று கம்ப்யூட்டரைக் கேட்டுவிட்டு, மருந்து வந்தவருக்கு மட்டுமாவது தொடர்ந்து கொடுக்கக்கூடாதா என்று ஊதக்கா கெஞ்சினாள். உயிருக்கு ஆபத்து என்றால்தான் அந்த ரகசியத்தைத் திறப்பார்கள் என்றார் அவர்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா?" என்றாள் ஊதக்கா.

"நீங்க அப்படி இருக்க மாட்டீங்கன்னுதான் உங்கள இந்த வேலைக்கு வச்சேன்" என்றார் டாக்டரம்மா. அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். ஊதக்காவுக்கு அது பாராட்டாகப் படவில்லை.

ஜாடியைத் திரும்ப வாங்கி வரவும் அவளையே அனுப்பினார்கள். பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "சரிம்மா, உங்க வேலை அது" என்றார். அண்ணி உள்ளே போய் ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் கொடுக்காமல் மரப்பெட்டியின் மேல் வைத்தாள்.

"வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பேன்" என்றாள். "உங்ககிட்டதானக்கா சொன்னேன்."

அதற்குப் பிறகு ஊதக்கா அந்தத் தெருவுக்கு எப்போதும்போல வந்துகொண்டிருந்தாள். எதிர் வீடு கலக்கவில்லை, அந்த மட்டும் நல்லதாயிற்று. நடுவிலிருந்த அந்த வீட்டைத் தாண்டும்போது பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொள்கிற சாக்கில் தலையைத் திருப்பிக்கொள்வாள். உள்ளே துணி உதறுகிற சத்தம் கேட்கும். சில நாள் சின்னவன் இருமுவது கேட்கும். மற்ற வீடுகளிலும் டீ கொடுத்தார்கள், ஆனால் நின்றுகொண்டே குடிக்கிற டீ.

குளிர்காலத்தில் பெரியவருக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம்கூட மனுஷன் தாக்குப் பிடிக்கவில்லை. ஊதக்கா சாவுக்குப் போய்த் தெருமுனையில் நின்றாள். அண்ணி அவளைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. இருக்கிற மருந்தில் பாதியைப் பிடுங்கிக் கொழுந்தனுக்குக் கொடுத்தாள், மீதியை ஊதக்கா வந்து பிடுங்கிக்கொண்டு போனாள், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். காதுபடவே பேசினார்கள். அண்ணி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் அவளே முந்திக்கொண்டு, "நான்தான் அவர் வாயில போன மருந்தை எடுத்தேன்" என்று சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அவர்களுக்கு டீ போடப் போனாள்.

அடுத்த மழைக்கு முன்னால் ஆராய்ச்சி முடிந்தது. மருந்து கேட்கிறது என்று தெரிந்துவிட்டது. அற்புதம் ஒன்றும் இல்லை, போன மூச்சைத் திருப்பிக் கொண்டுவராது. ஆனால் இருக்கிற மூச்சை வருஷக்கணக்கில் காப்பாற்றி வைக்கும். டாக்டரம்மா எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். ஊதக்காவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் நடந்த நடைக்கு ஒரு பலன் வந்திருக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு அவள் டாக்டரம்மாவிடம் அண்ணன் தம்பியின் அந்த இரண்டு டப்பா எண்களுக்கு வந்தது எது என்று மட்டும் தனியாகக் கேட்டாள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் தேடினார். மறுபடியும் ஒருமுறை தேடினார்.

"ரெண்டு பேருக்குமே சும்மாதான்" என்றார். அவரும் அந்த வார்த்தையைத்தான் சொன்னார்.

"அப்ப பெரியவருக்கு எண் ஏறுச்சே?"

அவர் விளக்கினார். அறுப்பை விட்டுக் கேட்டுக்குப் போனதில் தூசு குறைந்திருக்கும். அதோடு ஊதவும் பழகியிருப்பார், பழகினால் யாருக்கும் எண் கொஞ்ச நாள் ஏறும். அப்புறம் நோய் தன் வேலையைக் காட்டியிருக்கும். இந்த மாதிரி ஏமாந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் பாதிப் பேருக்குச் சும்மா மாத்திரை கொடுக்கிறோம் என்றார். ஊதக்காவுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததால் மனசு ஒன்றும் லேசாகவில்லை.

சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இனி மருந்துக் கம்பெனியே இலவசமாக மருந்து கொடுக்கும் என்று ஏற்பாடு. ஆனால் கடைசி வரைக்கும் இருந்தவர்களுக்குத்தான். இடையில் எடுக்கப்பட்டவர்களுக்கு இல்லை. சின்னவனுக்கு இல்லை. கடையில் வாங்குவதென்றால் அவன் வாங்குகிற கூலி மருந்தின் வாசனைக்குக்கூடப் போதாது. ஊதக்கா வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அந்த இரண்டு பேரையும் எடுக்காமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று கேட்டாள்.

டாக்டரம்மா பொய் சொல்கிறவர் இல்லை. "ரெண்டே ரெண்டு பேர்தான? மாறியிருக்காது" என்றார். "தெருவே கலந்திருந்தா மாறியிருக்கும். அன்னைக்கு அது நமக்குத் தெரியாதே."

மறுநாளிலிருந்து ஊதக்கா வீடு வீடாகப் போய் முடிவைச் சொன்னாள். மருந்து வந்தவர்கள், நான்தான் அப்பவே சொன்னேனே என்றார்கள். சும்மா வந்தவர்களில் ஒருவர், மாவுருண்டையைத் தின்றுவிட்டா இத்தனை நாள் உடம்பு கல்லு மாதிரி ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்று விழுந்து விழுந்து சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஒரு வீட்டில் அம்மாக்காரி ஊதக்காவின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள், பிறகு மருந்துக்காகத் திறந்தாள். எல்லா வீட்டையும் முடித்துக்கொண்டு அவள் தெருவின் நடுவுக்குத் திரும்பி வந்தாள்.

கதவு திறந்துதான் இருந்தது. அண்ணி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சின்னவன் சுவரில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். இப்போது அவனால் படுத்துத் தூங்க முடியாது. வாசலில் நின்றவளைப் பார்த்து, "வாங்கக்கா" என்றவன் அவன்தான். அண்ணி தலையைத் தூக்கவில்லை.

ஊதக்கா நின்றுகொண்டே சொன்னாள். "முடிஞ்சதும் வந்து சொல்றதா சொல்லியிருந்தோம். உங்க ரெண்டு பேருக்கும் வந்தது எதுன்னு சொல்ல வந்தேன்."

"அதான் தெரியுமே" என்றாள் அண்ணி.

"தெரியாது அண்ணி. பெரியவருக்கும் சும்மாதான் வந்திருக்கு. ரெண்டு பேருக்குமே சும்மா. நீங்க கலந்தது சும்மாவையும் சும்மாவையும்தான். அவர்கிட்டயிருந்து நீங்க எதையும் எடுக்கல."

அண்ணியின் கை கீரைக்கட்டிலேயே நின்றுவிட்டது. முதலில் அவளுக்கு அது காதில் ஏறியதா என்றே தெரியவில்லை. பிறகு இரண்டு கையாலும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். கணவன் செத்த அன்று அழாத அழுகை அது. சின்னவன் எழுந்து வரப் பார்த்தான், மூச்சு கொடுக்கவில்லை, திரும்பச் சாய்ந்துகொண்டான். ஊதக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்காரலாமா என்று இருந்தது, ஆனால் வாசலிலேயே நின்றாள்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப எங்க வீட்டுக்கு ஒண்ணுமே வரலையா?"

"வரல."

"மருந்து நல்லதாக்கா? கேக்குதா?"

"கேக்குது."

"இவனுக்குக் குடுப்பீங்கல்ல?"

ஊதக்கா சொன்னாள். கடைசி வரைக்கும் இருந்தவர்களுக்குத்தான் என்று சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், அவளால் நிறுத்த முடியவில்லை. "நான் போய்ச் சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கு இவன் கைக்கு மருந்து வந்திருக்கும். உங்க எண்ணு ரெண்டும் ஆராய்ச்சிக் கணக்குல இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காதாம். டாக்டரம்மாகிட்டயே கேட்டுட்டேன்."

அண்ணி கீரையை ஒதுக்கி வைத்தாள். எழுந்து, முகம் கழுவி, ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு, சின்னவனின் சட்டையை அவன் மடியில் போட்டாள்.

"எந்திரிடா, போட்டுக்க" என்றாள். ஊதக்காவிடம், "இப்ப இங்க சொன்னீங்களே, இதை அங்க வந்து அவங்க முன்னாடி சொல்வீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்றேன்" என்றாள் ஊதக்கா.

மருத்துவமனை தூரமில்லை, ஆனால் சின்னவனுக்கு அது தூரம். விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் நின்றான். அவன் நிற்கும்போதெல்லாம் ஒரு பக்கம் அண்ணியும் ஒரு பக்கம் ஊதக்காவும் நின்றார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா நாற்காலி போடச் சொன்னார். அண்ணி உட்காரவில்லை. ஊதக்கா, அந்த வீட்டில் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அங்கேயும் சொன்னாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். விதி தன் கையில் இல்லை, மருந்தும் கம்பெனியுடையது, எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றார்.

"எனக்கு விதியெல்லாம் தெரியாதும்மா" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "நான் கலந்தது தப்புன்னீங்க, ஜாடியைக் குடுத்துட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு மேல ரெண்டு பேரும் நீங்க குடுத்த சும்மாவைத் தின்னுட்டு, நீங்க ஊதச் சொன்னப்பல்லாம் ஊதினாங்க. அது தப்பில்லையே? மருந்து கேக்குதுன்னு கண்டுபிடிக்க ஒரு வெறும் தட்டு வேணும்னீங்க. என் வீட்டுல ரெண்டு தட்டு வச்சீங்க. ஒருத்தர் போயிட்டாரு. இவன் இருக்கான்."

டாக்டரம்மா சின்னவனைப் பார்த்தார். அவன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருமலை அடக்கியதில் கண்ணில் நீர் கட்டியிருந்தது. பதில் வர நாளாகும் என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

"எழுதாதீங்க. போன்ல கேளுங்க. கேட்டுச் சொல்ற வரைக்கும் வெளிய இருக்கோம். இன்னைக்கு முடியலன்னா நாளைக்கும் வர்றோம்."

டாக்டரம்மா போனை எடுத்தார்.

வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அண்ணி சின்னவனைச் சுவரோரமாகச் சாய்த்து உட்கார வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூடிய கண்ணாடிக் கதவுக்குள் டாக்டரம்மா பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. யாரோ மறுத்துப் பேசுகிறார்கள் போலிருந்தது, அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஊதக்கா கதவோரம் நின்றாள். அவளுக்கு அன்றைக்கு இன்னும் வேலை இருந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கிளார்க், நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க, உள்ள வாங்க, மாத்திரை பிரிக்கணும் என்று கூப்பிட்டார். மருத்துவமனை ஆட்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்வது வழக்கமில்லை.

"அப்புறம் வர்றேன்" என்றாள் ஊதக்கா. போகவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

அண்ணி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.